பூட்டிய பிட்டிங் பேசாது

பவுடர் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. ததேயுஸ் எஞ்சின் ரூமின் அடியில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச்சை அடிப்பலகையைத் துளைத்துப் பூட்டிய பிட்டிங்கின் மேல் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்பிடிப் போட்டு தண்ணீரில் இறங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி. தடைக்காலம் முடிகிற வாரத்தில் இந்தத் துறையில் இறக்கும் எந்தப் போட்டிலும் முதல் ஒரு மணி நேரம் எஞ்சினைத் தொட மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் மேஸ்திரிக்கு உரியது. அடியில் எத்தனை துளை உண்டோ அத்தனையையும் துணியால் ஒற்றி எடுத்து, சுற்றிலும் பவுடர் தூவி, அது கறுக்கிறதா என்று காவல் இருக்க வேண்டும். ஊசி முனை அளவு கசிந்தாலும் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். மேலே இருப்பவர்கள் ஒழுகுதா என்று கேட்கக் கூடாது, அது அபசகுனம். வேர்க்குதா என்றுதான் கேட்க வேண்டும். வேர்க்கவில்லை. மனைவி ரெஜினாளின் முகப்பவுடர் அது, டப்பாவில் பாதியைக் கொட்டிக் கொண்டுவந்திருந்தார். டீசல் நாற்றத்துக்கும் புதுப் பெயின்ட் நாற்றத்துக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வாசம் அடித்தது. இருபத்தெட்டு வருடமாக ஒரே வாசம். அவள் முகத்திலும் இதே வெள்ளைதான், கழுத்துக்குக் கீழே திட்டாக நிற்கும், சொன்னால் துடைக்க மாட்டாள், யாரு பாக்கப் போறா என்பாள். நான் பார்க்கிறேனே என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். இங்கே படுத்துக்கொண்டு எதை எதையோ யோசிப்பதற்குப் பதில் யோசிக்க வேண்டியதை யோசிக்க வேண்டும். யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இது கடலுக்குத் தாங்குகிற கன்மெட்டலா, தாங்காத பித்தளையா?

இதில் கசிவு ஒரு பிரச்சினையே இல்லை. பித்தளையும் இன்றைக்குக் கசியாது. பித்தளை இன்றைக்குத் தங்கம் மாதிரி நிற்கும், நாளைக்கும் நிற்கும். கடல்தண்ணீர் அதற்குள் இருக்கிற துத்தநாகத்தைத் துளித்துளியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, வடிவம் அப்படியே இருக்கும், பெயின்ட் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் ரோஜா நிறத்தில் பஞ்சாகிப் போயிருக்கும். ஒருநாள் யாராவது வால்வைத் திருப்பும்போதோ, கால் இடறி மிதிக்கும்போதோ பிஸ்கட் மாதிரி உடையும். ஆறு மாதத்தில் ஆகாது. ஒரு வருடத்தில் ஆகலாம். பாட்டரியிலிருந்து கரன்ட் கசிந்து தண்ணீரில் இறங்கினால் ஆறு வாரத்திலேயே ஆகலாம். அப்படி உடைந்த ஒன்றை அவர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார், பத்து வருடத்துக்கு முன்னால். அவர் பூட்டியது இல்லை, வேறு ஊரில் யாரோ பூட்டியது. அந்தப் போட்டின் சமையல்காரர் தன் கைலியை உருவித் துளைக்குள் திணித்து, அதன்மேல் குதிகாலை வைத்து, பகல் முழுக்க நின்றிருக்கிறார். பக்கத்துப் போட்டு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டது. கரைக்கு வந்தபோது அந்த மனிதர் யாரோ கொடுத்த பேன்ட்டில், அது கெண்டைக்கால் வரைக்கும்தான் இருந்தது, கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். ததேயுஸும் சிரித்தார். உடைந்த துண்டைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. பக்கத்தில் வேறு போட்டு இல்லாதிருந்தால் என்ற எண்ணம் அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் ஒவ்வொரு வால்விலும், உடைந்தால் துளையில் அடித்து அடைக்க, ஒரு கூம்பு மர ஆப்பைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடத் தொடங்கினார். இதோ இதிலும் தொங்குகிறது, புன்னை மரம், நேற்றுச் செதுக்கியது. ஒவ்வொரு ரப்பர் ஓஸிலும் இரண்டு கிளிப்பு. வால்வும் கைப்பிடி வைத்த பால் வால்வுதான், சக்கரம் சுற்றுகிற கேட் வால்வு இல்லை. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் அடைப்பு, இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரியும். இப்படி எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்தவன், வியாழக்கிழமை காலையில் எதை எடுத்துப் பூட்டினோம் என்று தெரியாமல் படுத்துக் கிடக்கிறான்.

வியாழக்கிழமை என்ன நடந்தது? கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரே சாக்கில் இரண்டு பிட்டிங் வந்தன. ஒரே அச்சு, ஒரே அளவு, இரண்டுக்கும் மேலே ஒரே மங்கல் பூச்சு. ஒன்று கன்மெட்டல், இந்தப் போட்டுக்கு. மற்றது பித்தளை, மலையடிவாரத்தில் விடுதி நடத்துகிற ஒருவரின் மீன் குளத்துக்கு. நல்ல தண்ணீருக்குப் பித்தளை போதும். சாக்கை அவிழ்த்தபோதே இரண்டும் கலந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்திருப்பான், சிவந்தால் கன்மெட்டல், மஞ்சளானால் பித்தளை என்று வெயிலில் பார்த்திருப்பான், காரியம் முடிந்தது. ததேயுஸ் அரம் எடுப்பதில்லை. காது இருக்கிறவனுக்கு அரம் எதுக்கு என்பது இந்தத் துறை முழுக்கத் தெரிந்த அவர் வாசகம். பிட்டிங்கை நூலில் தொங்கவிட்டு ஸ்பானரால் ஒரு தட்டு. பித்தளை உச்சத்தில் கணீரென்று கத்தி உடனே அடங்கும். கன்மெட்டல் தாழ்ந்து, நீண்டு, தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். பதினெட்டு வயதிலிருந்து அப்படித்தான் பார்க்கிறார், ஒருதடவையும் தப்பியதில்லை. அன்றைக்கு டிரைவர் பெனான்சி இரண்டு ஆட்களோடு பட்டறைக்கு வந்திருந்தான். இந்தப் போட்டை ஓட்டுபவன் அவன்தான், அதில் பாதிப் பங்கும் அவனுக்கு. "எல்லாரும் வாயப் பொத்துங்கல, மேஸ்திரி கேக்கப் போறாரு," என்றான். எல்லோரும் வாயைப் பொத்தினார்கள். ததேயுஸ் தட்டினார். முதலாவது ஒலித்தது. இரண்டாவதையும் தட்டினார். அதுவும் அதே மாதிரி ஒலித்தது. இரண்டும் ஒன்றுபோல், போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, டொம் என்று. மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொருதரம் தட்டலாமா என்று கை போனது. இன்னொருதரம் தட்டுகிற ததேயுஸை இவர்கள் பார்த்ததில்லை. "இதுதான்," என்று இடது கையில் இருந்ததை நீட்டினார். பெனான்சி கைதட்டினான். "பாத்தீங்களால? டாக்டரு நெஞ்சுல குழாய வச்சுக் கேக்குறதுக்குள்ள இவரு சொல்லிருவாரு, வே." எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அதே கையோடு கொண்டுபோய்ப் பூட்டினார், பேஸ்ட் அப்பினார், வெளியே பெயின்ட் அடித்தார். பூட்டிய பிறகு தட்டிப் பயனில்லை. பலகையும் பைபரும் பேஸ்டும் இறுக்கிப் பிடித்திருக்கும், எதைத் தட்டினாலும் கட்டைச் சத்தம்தான். பூட்டிய பிட்டிங் பேசாது.

மேலே தளத்தில் யாரோ நடந்தார்கள். அதிர்வு முதுகில் தெரிந்தது. திறப்பில் பெனான்சியின் தலை தெரிந்தது, வாய் அசைந்தது. ததேயுஸ் சிரித்துக்கொண்டே, "ஆமா," என்றார்.

"ஆமாவா? கட்டன் சாயாவா பாலான்னு கேட்டா ஆமாங்குறீரு. எது வே வேணும்?"

"எதுன்னாலும் சரி."

"வேர்க்குதா?"

"இல்ல. காஞ்சு கெடக்கு."

"நீரு பூட்டினா வேர்க்குமா," என்று தலை மறைந்தது.

ஆமாம் என்று சொல்வது பத்துக்கு ஏழு தடவை சரியாக இருக்கும். மீதி மூன்று தடவைக்குச் சிரிப்பு இருக்கிறது. எதிராளி சிரித்தால் கூடச் சிரிப்பது, முகம் சுளித்தால் தலையை ஆட்டுவது, பட்டறையில் கிரைண்டரை ஓட விட்டுக்கொண்டே பேசுவது, அப்போது கேட்காமல் போனால் கிரைண்டர்மேல் பழி. இதெல்லாம் எப்போது தொடங்கியது? கோயிலில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது அடிக்கிற சின்ன மணி ஒருநாள் அடிக்கவில்லை. பீடச்சிறுவன் மறந்துவிட்டான் என்று நினைத்தார். அடுத்த ஞாயிறும் மறந்துவிட்டான். அதற்கடுத்த ஞாயிறு பார்த்தார், பையனின் கை அசைகிறது, மணி அசைகிறது, எல்லோரும் தலை குனிகிறார்கள். அன்றிலிருந்து முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக் குனிகிறார், ஒரு நொடி தாமதமாக. பெண்கள் பக்கத்திலிருந்து, பாடகர் குழுவோடு நிற்கிற இடத்திலிருந்து, ரெஜினாள் அவரைப் பார்ப்பாள். முதலில் அதைச் சும்மா பார்ப்பது என்று நினைத்தார். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்ற கேள்வி இப்போது, டார்ச் வெளிச்சத்தில், முதல்முறையாக நேராக வந்து நின்றது. அவள் சாலையில் எப்போதும் வலப்பக்கம்தான் நடப்பாள், கல்யாணமான புதிதிலிருந்து. போன வருடமோ அதற்கு முன்னாலோ, யாரும் ஒன்றும் சொல்லாமல், இடப்பக்கத்துக்கு மாறிவிட்டாள். கட்டிலிலும் மாறிவிட்டாள். பேன் காத்து அந்தப்பக்கம் வரல்ல என்று ஒரு காரணம் சொன்னாள். பேன் உத்திரத்தின் நடுவில் அல்லவா தொங்குகிறது. அவர் அதை யோசித்ததே இல்லை. சோறு போடும்போது எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள், முன்னெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவாள். இரண்டு வருடமாக ஒருத்தி தன் வீட்டுக்குள் எல்லாவற்றையும் ஒரு சாண் நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறாள், முட்டிக்கொள்ளாமல் ஒரு மனுஷன் நடந்து போகட்டும் என்று. அவனும் நடந்து போயிருக்கிறான், தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு.

பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அதுதான் இன்றைய கஷ்டம். கசிந்தால் போதும், எல்லாம் எளிதாகிவிடும். பேஸ்ட் சரியில்லை, ஏத்து மேலே என்று சொல்லலாம், காரணம் பேஸ்ட்டின் தலையில் போகும். கசியவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாலும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அடுத்த தடைக்காலத்தில் போட்டு கரையேறும்போது முதல் வேலையாக இதைக் கழற்றி மாற்றிவிடலாம். பத்து மாதம். பத்து மாதம் தாங்கும். தாங்காமலும் போகலாம். பெனான்சியின் பாட்டரி ஒயர்களை அவர் பார்த்திருக்கிறார், பாம்புக் கூடை மாதிரி இருக்கும். பதினோரு பேர். முப்பது நாள், நாற்பது நாள் கடலில் தங்கல், ஆவணிக் கடல். மேலே ஏற்றுவது என்றால் லேசா? போட்டை இழுத்தேற்றும் வின்ச்சுக்கு ஆறு போட்டு வரிசையில் நிற்கிறது. சாமியார் காலையில்தான் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். மந்திரித்து இறக்கிய போட்டு அன்றைக்கே கரையேறினால் அதன் பெயர் இந்தத் துறையில் எத்தனை வருடம் பேசப்படும் என்பது அவருக்குத் தெரியும். கூடவே மேஸ்திரியின் பெயரும். ததேயுஸ் பூட்டினது திரும்பி ஏறுது. ஏன்? அவருக்குக் காது போயிற்று. காது போன மேஸ்திரியிடம் யார் வருவார்கள்? அதற்குப் பிறகு அவர் எதைப் பார்த்து இது நல்லது, இது ஆகாது என்று சொன்னாலும் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பு மட்டும் அவருக்குக் கேட்கும்.

சாவியை எடுத்தார். நட்டுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரே ஒரு திருகுப் புரி வெளியே தெரிந்தது, பேஸ்ட் ஒட்டியபடி. பேஸ்ட்டை நகத்தால் விலக்கி, சாவி முனையால் மெல்லக் கீறினார். மினுங்கியது. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனார். மஞ்சள். தள்ளிப் பிடித்தார். சிவப்பு மாதிரியும் இருந்தது. டார்ச் பழையது, அதன் வெளிச்சமே மஞ்சள், அதன் கீழே சாவியும் மஞ்சள், தன் விரலும் மஞ்சள். இன்னும் ஆழமாகக் கீறலாம். தண்ணீரில் இருக்கிற போட்டில், ஈரம் காயாத பேஸ்ட்டில், இதற்குமேல் நோண்டுவது பைத்தியக்காரத்தனம். மற்றது வீட்டோடு ஒட்டிய பட்டறையில், மேசைமேல் இருக்கிறது. சட்டென்று அந்த எண்ணம் வந்தது. மற்றது அங்கே இருக்கிறது, இதைத் தொடவே வேண்டாம். அது பித்தளை என்றால் இது கன்மெட்டல். அது கன்மெட்டல் என்றால் இது பித்தளை. யாராவது அதை நூலில் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டிச் சொன்னால் போதும். அந்த யாராவது ரெஜினாளாகத்தான் இருக்க முடியும், அவளிடம் என்னால் கேட்க முடியவில்லை, நீ கேட்டுச் சொல் என்று சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுத்தபோது, போட்டை ஏற்றச் சொல்வதைவிட இதுதான் பெரிதாகத் தெரிந்தது. எண்ணை அழுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்கிற இடது காதில் வைத்தார்.

"எறக்கியாச்சா?" என்றாள் ரெஜினாள்.

"எறக்கியாச்சு. ஏட்டி, பட்டறை மேசைமேல ஒரு பிட்டிங்கு கெடக்கும் பாரு."

"விடுதிக்காரருக்க சாமானா? நாளைக்கு ஆளு விடுறேன்னு இப்பத்தான் போன் பண்ணினாரு."

"அதுதான். அத ஒரு நூல்ல தொங்கவிட்டு ஸ்பானரால தட்டு."

எதுக்கு என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் வார்த்தை தேடினார். அவள் கேட்கவில்லை. "பொறுங்க, ரேடியோவ அணைச்சுட்டு வாறேன்," என்றாள். அவர் போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். போட்டு லேசாக அசைந்தது. அடியில் தண்ணீர் பைபரைத் தடவிக்கொண்டு போவது தோளில் தெரிந்தது.

"தட்டினியா?"

"மூணு தட்டுத் தட்டியாச்சு."

அவருக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. "எப்பிடி இருக்கு?" என்றார்.

"நின்னு போவுது. எட்டு எண்ணுற வரைக்கும் நின்னுது. அந்த மூலையில பழைய பித்தளைக் குழாய் ஒண்ணு கெடந்துது, அதையும் தட்டிப் பாத்தேன். அது மேல்ஸ்தாயில ஒரு கத்துக் கத்திட்டு அடங்கிட்டு. இது கீழ நிக்கிது. நம்ம பாட்டுக் குழுவுல ஆம்பளைங்க எடுக்குற சுதி."

"அரம் சன்னல்ல இருக்கும். ஒரு இழுப்பு இழுத்து, வெயில்ல கொண்டுபோய்ப் பாரு."

அவள் நடந்து போவதை அவர் மனதுக்குள் பார்த்தார். செருப்பு, வாசல்படி, முற்றத்து வெயில், கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடிப்பாள், கண்ணாடி போட்டிருக்க மாட்டாள். கடவுளே மஞ்சள் என்று சொல்லட்டும் என்று வேண்டினார். வேண்டும்போதே அது என்ன நிறம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எட்டு எண்ணும் வரைக்கும் பித்தளை நிற்காது.

"செவப்பு," என்றாள். "நல்ல செவப்பு. கேக்குதா?"

"கேக்குது."

பிறகு அவள், "பைல போட்டு எடுத்துட்டு வாறேன். பதினொண்ணே கால் பஸ்ஸு இருக்கு," என்றாள்.

"நீ எதுக்கு? யாரையாவது வண்டியில அனுப்புறேன்."

"நான் வாறேன். நீங்க அதுக்குள்ள அவங்ககிட்ட சொல்லிருங்க."

"என்னத்தச் சொல்ல? சாமான் மாறிப்போச்சுன்னு சொல்லட்டா?"

அவர் பிட்டிங்கைச் சுற்றியிருந்த பவுடரை விரலால் தடவினார்.

"காதச் சொல்லணுமா?" என்றார் ததேயுஸ். அந்தச் சொல் எஞ்சினில் பட்டுத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இரண்டு வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்கிட்டச் சொல்லியாச்சுல்லா," என்றாள் ரெஜினாள். "இனி மத்தவங்ககிட்டச் சொல்லுறது லேசு." போனை வைப்பதற்கு முன்னால், "ஏணியில பாத்து ஏறுங்க," என்றும் சொன்னாள்.

அவருக்கு அழுகை மாதிரி ஒன்று வந்தது, வந்த வழியே போயிற்று. கண்ணைத் துடைத்த கையில் பவுடர் இருந்திருக்க வேண்டும், கண் எரிந்தது. எழுந்து உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது, சொடுக்கியது என்று எலும்புதான் சொன்னது. வால்வின் கைப்பிடியைக் குறுக்கே திருப்பினார். சாமான்களைப் பெட்டியில் வைத்தார், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். மேலே போய் முதலில் எதைச் சொல்வது என்று வரிசை போட்டுப் பார்த்தார். சாமான் மாறிப்போச்சு, எனக்குக் காது கேக்கல்ல. எனக்குக் காது கேக்கல்ல, சாமான் மாறிப்போச்சு. முதலாவதில் குற்றம் சாமான்மேல் இருக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவதையே எடுத்துக்கொண்டார். ஏணியில் கால் வைத்தபோது வெளிச்சத்தில் கண் கூசியது.

தளத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். வலையின் மேல் மூன்று பேர், பனிக்கட்டி அறையின் மூடிமேல் இரண்டு பேர், மற்றவர்கள் நிழலில். பெனான்சி கட்டன் சாயாவை நீட்டினான். "மொகத்துல என்ன வே பவுடரு? பொண்ணு பாக்கப் போறீரா?" எல்லோரும் சிரித்தார்கள். ததேயுஸ் இந்தத் தடவை கூடச் சிரிக்கவில்லை. சாயாவை வாங்கிக் கீழே வைத்தார்.

"பெனான்சி, எனக்குக் காது கேக்கல்ல," என்றார். "ரெண்டு வருசமாச்சு. வியாழக்கிழமை நான் தட்டினது எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துது. உங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டேன். கீழ பூட்டியிருக்கது பித்தளை. இன்னைக்கு ஒழுகாது. ஆனா இதோட நீங்க போவக் கூடாது. கன்மெட்டலு வீட்டுல இருக்கு, எனக்க வீட்டுக்காரி கொண்டு வாறா. போட்ட மேல ஏத்தணும்." ஒழுகாது என்று வாயில் வந்துவிட்டது, அபசகுனம். யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

வலையின் மேல் இருந்தவன் ஒருவன் எழுந்து நின்றான். நிழலில் இருந்த கிழவர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பெனான்சி ததேயுஸையே பார்த்தான். பிறகு திறப்பு வழியாகக் கீழே எட்டிப் பார்த்தான், பிறகு வின்ச்சையும் வரிசையில் நிற்கிற ஆறு போட்டையும் பார்த்தான். அவன் முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து வின்ச் ஓடத் தொடங்கியது. பெனான்சியின் உதடு அசைந்தது. அது வசவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆமாம் என்று சொல்ல ததேயுஸின் நாக்கு தன் பழக்கத்தில் புரண்டது. அவர் அதைப் பிடித்து நிறுத்தினார்.

"உரக்கச் சொல்லு, மாப்ள. எனக்குக் கேக்கல்ல."

பெனான்சி இரண்டு எட்டு வைத்து அருகில் வந்தான். கையை வாயோரம் குவித்து, துறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"ஏத்துவோம்னு சொன்னேன் வே! சாயாவக் குடியும், ஆறுது!"